விடுமுறைப் படங்களுக்கு டிஜிட்டல் படச்சட்டம்: அம்மா வீட்டிற்கு எதை வாங்குவது?

பால்மரத்து நிழல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் பெற்றோர் வீட்டிற்கு ஒரு டிஜிட்டல் படச்சட்டம் வாங்க எண்ணுகிறேன். பள்ளி விடுமுறைகளில் குடும்பத்தோடு பங்கோர் தீவுக்கும் கேமரன் மலைக்கும் போனபோது எடுத்த படங்களும், பெற்றோர் தமிழ்நாட்டுக் கோயில் பயணத்தில் எடுத்துக்கொண்ட படங்களும் ஆளுக்கொரு கைத்தொலைபேசியில் சிதறிக் கிடக்கின்றன. அம்மாவுக்கு அவற்றைப் பார்க்க ஆசை இருக்கிறது. ஆனால் அந்தச் சின்னத் திரையில் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்ப்பது அவருக்குச் சலிப்பாக இருக்கிறது. விரல் பட்டுப் படம் ஓடிவிட்டால் அதை மறுபடி தேடி எடுக்கவும் அவருக்கு வரவில்லை.

வீட்டு நிலையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, பட்டணத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு தரைவீட்டில் இருவரும் குடியிருக்கிறார்கள். வீட்டில் இணைய இணைப்பு இல்லை. அப்பாவின் முன்கட்டணத் தொலைபேசியில் உள்ள தரவு மட்டுமே உண்டு. நான் ஷா ஆலமில் இருக்கிறேன், அவ்வப்போது போய்வருவேன். தம்பி சிங்கப்பூரில் வேலை செய்கிறார். அவர் அங்கிருந்தபடியே படங்களை அனுப்பி வைக்க முடிந்தால் அம்மா மகிழ்வார்.

இணையக் கடைகளில் 7 அங்குலம், 10 அங்குலம், 15 அங்குலம், 16 ஜிபி, 32 ஜிபி, வைஃபை உள்ளது, இல்லாதது என்று பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. என்னால் ஏறத்தாழ 400 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வரை செலவழிக்க முடியும். எத்தனை அங்குலம் போதும், வைஃபை அவசியமா, நினைவகம் எவ்வளவு வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஈப்போ படக்கடை

ஐயா, வணக்கம். படம் கழுவும் கடையில் பல காலம் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். அங்குலத்தைப் பார்ப்பதற்கு முன்னால் திரையின் வடிவத்தைப் பாருங்கள். பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் அதுதான்.

கைத்தொலைபேசியில் எடுக்கும் படம் வழக்கமாக 4:3 விகிதத்தில் இருக்கும். கடைகளில் அதிகம் விற்கும் 10.1 அங்குலச் சட்டங்களின் திரையோ 16:10, அதாவது 1280க்கு 800 பிக்சல். மலிவான 7 அங்குலச் சட்டங்கள் பலவற்றில் 1024க்கு 600தான். அகலமான திரையில் 4:3 படத்தை வைத்தால் இரண்டே வழிதான் உண்டு: இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு முழுப் படத்தையும் காட்டலாம், அல்லது திரை நிறையும்படி படத்தைப் பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டலாம். 16:10 திரையை நிரப்பினால் படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். 16:9 திரை என்றால் கால் பங்கே போய்விடும். குழுவாக நின்று எடுத்த படங்களில் பின்வரிசைத் தலைகளும் முன்வரிசைக் கால்களும் காணாமல் போவது இதனால்தான்.

நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்களில் சிக்கல் இன்னும் பெரிது. மதுரை மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் முன்னால் உங்கள் பெற்றோர் நிற்கும் படம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோபுரம் முழுவதும் வர வேண்டும் என்று கைத்தொலைபேசியை நிமிர்த்தித்தான் எடுத்திருப்பீர்கள். படுக்கைவாட்டில் வைத்த 10.1 அங்குலத் திரையை அந்தப் படம் நிரப்பும்படி விட்டால், பாதிக்கும் மேல் வெட்டுப்பட்டு, உச்சியில் கலசமும் இல்லாமல் அடியில் ஆட்களும் இல்லாமல், நடுவில் உள்ள சுதைச் சிற்பங்கள் மட்டும் திரை முழுக்க நிற்கும். ஆகவே வாங்கியதும் அமைப்புக்குள் போய், நிரப்பிக் காட்டுவதை விட்டு முழுப் படத்தையும் காட்டும்படி மாற்றுங்கள். சில சட்டங்கள் பக்கத்து வெற்றிடத்தில் அதே படத்தை மங்கலாக்கிப் பரப்பிக் காட்டும். கறுப்புப் பட்டையைவிட அது கண்ணுக்கு இதமாக இருக்கும். இன்னும் சில, நிமிர்ந்த படங்கள் இரண்டை அருகருகே சேர்த்துக் காட்டும். அந்த வசதி இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

இனி அளவுக்கு வருகிறேன். கடையில் கேட்டு வாங்குவோமே, 3ஆர், 4ஆர், 5ஆர் என்று, அந்தக் கணக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். 7 அங்குலச் சட்டத்தில் வெட்டாமல் காட்டப்படும் 4:3 படம் ஏறக்குறைய 12க்கு 9 சென்டிமீட்டர்தான் வரும். அது பழைய 3ஆர் அளவு. 10.1 அங்குலத்தில் அதே படம் 18க்கு 13.6 சென்டிமீட்டர், அதாவது 5ஆரைவிடச் சற்றுப் பெரியது. 15.6 அங்குலத்தில் 26க்கு 19 சென்டிமீட்டர், ஏறத்தாழ 8ஆர். கண்ணாடி போட்டும் சிரமப்படும் ஒருவருக்கு 3ஆர் படத்தை அலமாரியில் வைத்துக்கொடுப்பதில் பயன் இல்லை. 7 அங்குலத்தை விட்டுவிடுங்கள். கைநீட்டும் தூரத்தில் மேசையில் வைத்தால் 10 அங்குலம் போதும். முன்னறையின் மறுகோடியில் நாற்காலியிலிருந்து பார்ப்பார் என்றால் 15.6 அங்குலம் வேண்டும், ஆனால் உங்கள் தொகைக்குள் அது அடங்குமா என்பதைக் கடையில்தான் பார்க்க வேண்டும். 4:3 வடிவத் திரையுள்ள சட்டம் கிடைத்தால் இன்னும் நல்லது. 8 அங்குலமே ஆனாலும் அதில் படம் 16க்கு 12 சென்டிமீட்டர் வரும். அகலமான 10 அங்குலத்திற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

திரை ஐபிஎஸ் வகையா என்று கட்டாயம் கேளுங்கள். இல்லாவிட்டால் பக்கத்திலிருந்தோ கீழிருந்தோ பார்க்கும்போது நிறம் மாறி, முகங்கள் கருத்துத் தெரியும்.

கோலகங்சார் அக்கா

படக்கடை அண்ணன் வடிவத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். படம் சட்டத்திற்குள் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை நான் சொல்கிறேன், ஏனெனில் வாங்கிய வேகத்தில் ஆசையாகப் போட்ட படங்களே ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும் சட்டங்களை உறவினர் வீடுகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். புதுப் படம் போடுவது சிரமமாக இருந்தால் யாரும் போடமாட்டார்கள்.

வைஃபை இல்லாத சட்டத்தில் எஸ்டி அட்டையோ விரலியோ (பென் டிரைவ்) செருக வேண்டும். நீங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் புதுப் படங்களை ஏற்றிக்கொடுக்கலாம். ஆனால் தம்பி சிங்கப்பூரிலிருந்து நேரடியாக எதையும் அனுப்ப முடியாது. அட்டை வாங்கினால் 32 ஜிபிக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேற்பட்ட அட்டைகள் வேறு முறையில் வடிவமைக்கப்பட்டு வருவதால் மலிவுச் சட்டங்கள் பல அவற்றைப் படிக்காமல் முரண்டு பிடிக்கும்.

வைஃபை சட்டங்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, படங்களை நிறுவனத்தின் மேகக் கிடங்கில் வைத்துக்கொண்டு அங்கிருந்து காட்டுவது. நிரந்தர இணைப்பு இல்லாத உங்கள் பெற்றோர் வீட்டிற்கு அது ஒத்துவராது. நிறுவனம் கட்டணத்தையோ இலவச இடத்தையோ மாற்றினால் நம் கையில் எதுவும் இல்லை. கூகுள் ஃபோட்டோஸ் தொகுப்பைத் தானாகவே இழுத்துக் காட்டும் என்று விளம்பரம் செய்யும் சட்டங்களையும் பழைய நம்பிக்கையில் வாங்க வேண்டாம். 2025 மார்ச் 31 முதல் பிற நிறுவனச் செயலிகள் நம் முழுத் தொகுப்பையும் படிக்கும் அனுமதியைக் கூகுள் நிறுத்திவிட்டது; இப்போது நாமே தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் படங்களைத்தான் அவை பெற முடியும்.

இன்னொரு வகைதான் உங்களுக்குப் பொருந்தும். ஃபிரேமியோ என்ற செயலியோடு பல வணிகப்பெயர்களில் சட்டங்கள் விற்கின்றன. சட்டம் ஒரு குறியீட்டைக் காட்டும். அதைத் தம்பி தம் கைத்தொலைபேசிச் செயலியில் பதிந்துகொண்டால் அங்கிருந்தே படத்தையும் ஒரு வரிக் குறிப்பையும் அனுப்பலாம், படத்தின் எந்தப் பகுதி திரையில் தெரிய வேண்டும் என்பதையும் குறித்து அனுப்பலாம். வந்த படம் சட்டத்தின் சொந்த நினைவகத்தில் தங்கிவிடுவதால், அதன்பின் இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும். படம் வந்து இறங்கும் நேரத்துக்கு மட்டும் அப்பாவின் கைத்தொலைபேசியில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டால் போதும். இந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும் என்பதால், ஹாட்ஸ்பாட்டையும் அந்த அலைவரிசையில் வைக்க வேண்டும்.

நினைவகத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். 16 ஜிபியே தாராளம். திரை காட்டப்போவது ஏறத்தாழ பத்து இலட்சம் பிக்சல்கள்தான், 12 மெகாபிக்சல் படத்தின் நுணுக்கம் முழுவதும் அதில் தெரியப்போவதில்லை. ஒரு படத்துக்கு 15 நொடி என்று வைத்தாலும், 1500 படங்களைப் போட்டால் ஒரு சுற்று முடிய ஆறு மணி நேரத்துக்கு மேலாகிவிடும். அம்மா காத்திருக்கும் படம் சாப்பாட்டு வேளையில் வந்து போய்விடும். இருநூறு படங்கள் என்றால் ஐம்பது நிமிடத்தில் சுற்றி வந்துவிடும்.

சிக்கனக்காரன்

எல்லாரும் சட்டத்தைத்தான் பேசுகிறீர்கள். வீட்டில் தொலைக்காட்சி இருக்கும்தானே? ஒரு விரலியில் படங்களைப் போட்டுப் பின்னால் உள்ள யூஎஸ்பி துளையில் செருகினால், எந்தச் சட்டமும் காட்டாத அளவில் பார்க்கலாம். அல்லது பழைய டேப்லெட் ஒன்றைத் துடைத்துச் சாய்த்து வைத்து, திரைக்காப்பாகப் படங்களை ஓடவிடலாம். இரண்டுக்கும் செலவு இல்லை. 400 வெள்ளி இருந்தால் அடுத்த விடுமுறைக்குப் பங்கோர் படகுக் கட்டணத்துக்கும் தங்குமிடத்துக்கும் ஆகும். நல்ல படங்களைத் தேர்ந்தெடுத்து 8ஆரில் கழுவிச் சுவரில் மாட்டினால் மின்சாரமும் வேண்டாம்.

பால்மரத்து நிழல்

விளக்கமான பதில்களுக்கு நன்றி. தொலைக்காட்சி யோசனை எனக்கும் தோன்றியதுதான். ஆனால் மாலையில் அப்பா செய்தியும் அம்மா தொடரும் பார்க்கும் வீட்டில், படம் பார்ப்பதற்காகத் தொலைக்காட்சியை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சமையலறைக்கும் முன்னறைக்கும் நடக்கும்போது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பழைய டேப்லெட் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதை வைக்கலாமா?

இன்னொன்று: தம்பி ஐபோன் வைத்திருக்கிறார், நாங்கள் ஆண்ட்ராய்டு. குடும்பப் படங்கள் பெரும்பாலும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்தவை. புலனத்தில் வந்த படங்கள் தரம் குறைந்தவை, சட்டத்தில் போட்டால் மங்கலாகத் தெரியும் என்கிறார்களே, அது உண்மையா?

மின்பணி

டேப்லெட்டைப் பற்றி நான் சொல்கிறேன், ஐயா. வைக்க வேண்டாம். நாள் முழுக்க மின்னேற்றியில் கிடக்கும் டேப்லெட்டின் மின்கலம் எப்போதும் முழு நிரப்பில், வெப்பத்திலும் இருப்பதால் காலப்போக்கில் உப்பிக்கொள்ளும். திரை தூக்கிக்கொண்டு வருவதைப் பழுதுபார்க்கும் மேசையில் அடிக்கடி பார்க்கிறேன். நம் நாட்டு வெக்கையில், துத்தநாகக் கூரைக்குக் கீழே, அது இன்னும் விரைவில் நடக்கும். வீட்டில் ஆள் இல்லாத நேரத்திலும் ஓடக்கூடிய பொருள் அது என்பதையும் நினைத்துப் பாருங்கள். படச்சட்டங்கள் பெரும்பாலும் மின்கலம் இல்லாமல் நேராக மின்சாரத்திலேயே ஓடும். மின்கலத்தோடு வருவதைச் சிலர் வசதி என்று விற்பார்கள். ஓரிடத்தில் நிலையாக வைக்கும் சட்டத்துக்கு அது தேவையே இல்லை.

மின்சாரச் செலவு அஞ்சும் அளவுக்கு இல்லை. 10 வாட் இழுக்கும் சட்டம் நாளுக்கு 14 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 4 யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். இரவில் தானாக அணைந்து காலையில் தானாக எரியும் நேர அமைப்பு அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் மின்தடைக்குப்பின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இணையத்தில் நேரம் எடுத்துக்கொள்ளும் சட்டம் இணைப்பு இல்லாத வீட்டில் நள்ளிரவில் விழித்துக்கொண்டு முன்னறை முழுக்க வெளிச்சம் போடும்.

சட்டத்தோடு வரும் அடாப்டரில் சிரிம் (மலேசியத் தரச் சான்று நிறுவனம்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டில் இவ்வகை அடாப்டர்கள் எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற பின்னரே விற்கப்பட வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து நேராக வரும் மலிவுச் சட்டங்களில் தட்டை முள் அடாப்டரும் ஒரு மாற்றுக் கொண்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அந்தக் கொண்டை தளர்ந்து சூடேறும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நம் மூன்று முள் அடாப்டர் தனியாக வாங்குவதே மேல். அப்போது பழையதில் எழுதியிருக்கும் வோல்ட் அளவு அப்படியே இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக்கூடாது. தம்பி சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தால் இந்தத் தொல்லை இல்லை, அங்கும் நம்முடைய அதே மூன்று முள்தான்.

இடி மின்னலுக்கு எழுச்சிக் காப்புள்ள நீட்டிப்புப் பலகை ஒன்று போடுங்கள். வானம் இருட்டினால் பிடுங்கிவிடச் சொல்லுங்கள், அப்பாவுக்கு அது தெரிந்திருக்கும். வைக்கும் இடம் சாமி மேடைக்கு அருகில் வேண்டாம். ஊதுவத்திப் புகையும் கற்பூரக் கரியும் திரையில் மெல்லிய படலமாக ஒட்டும். துடைக்கத் துடைக்கப் பளபளப்பு போய்விடும். ஜன்னலுக்கு எதிரிலும் வேண்டாம், வெளிச்சம் விழுந்தால் படம் தெரியாது, வீதி தெரியும்.

கோலகங்சார் அக்கா

புலனப் படங்களைப் பற்றி: 10 அங்குலச் சட்டத்துக்கு அவை போதும். புலனம் வழக்கமான முறையில் அனுப்பும்போது படத்தின் நீளப் பக்கத்தை ஏறத்தாழ 1600 பிக்சலாகக் குறைக்கிறது. உங்கள் திரையோ 1280 பிக்சல்தான். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பலமுறை சேமித்து மறுபடி அனுப்பப்பட்டுக் களைத்துப்போன படங்கள் மட்டும் மங்கலாகத் தெரியும். 2023இல் எச்டி தரத்தில் அனுப்பும் வசதியும் வந்துவிட்டது, இனிமேல் அதைப் பயன்படுத்துங்கள்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. புலனம் வழியாக வரும் படத்தில், அது எடுக்கப்பட்ட நாள், இடம் போன்ற உட்குறிப்புகள் நீக்கப்பட்டிருக்கும். அதனால் நாள் வரிசைப்படி காட்டு என்று சட்டத்திடம் சொன்னால், படம் உங்கள் தொலைபேசிக்கு வந்து சேர்ந்த நாளையே அது நம்பும். இராமேஸ்வரத்துக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் பங்கோர் கடற்கரை வந்து நிற்கும். மூலப் படம் யார் தொலைபேசியில் இருக்கிறதோ அவரிடம் கேட்டு வாங்குங்கள், அல்லது புலனத்திலேயே ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் படமும் குறையாது, நாளும் போகாது.

தம்பியின் ஐபோனைப் பொறுத்தவரை, 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அது படங்களை எச்இஐசி என்ற வடிவில் சேமிக்கிறது. செயலி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. அட்டையில் நேராகப் படியெடுத்துப் போட்டால் பல சட்டங்கள் அதைத் திறக்காது, கோப்பு பழுது என்று காட்டும். அமைப்புகளில் கேமரா பகுதிக்குள் ஃபார்மட்ஸ் என்பதில் மோஸ்ட் கம்பேட்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுத்தால், அதன்பின் எடுக்கும் படங்கள் ஜேபெக் வடிவில் சேரும். முன்பு எடுத்தவை மாறாது.

ஈப்போ படக்கடை

அக்கா சொன்ன வரிசைக்கு இன்னொரு வழியும் உண்டு. அட்டையிலோ விரலியிலோ போடுவதானால் பயணத்துக்கு ஒரு கோப்புறை வைத்து, படங்களுக்கு 001, 002 என்று எண் கொடுத்துப் பெயர் மாற்றுங்கள். 1, 2, 10 என்று விட்டால் சில சட்டங்கள் 1க்கு அடுத்து 10ஐக் காட்டும். பெயர் வரிசைப்படி காட்டும் அமைப்பைப் போட்டுவிட்டால் உட்குறிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீங்கள் வைத்த வரிசையே நிற்கும்.

சிக்கனக்காரர் சொன்ன 8ஆர் யோசனையையும் ஒதுக்க வேண்டாம். கடைக்காரன் என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. அம்மா மிகவும் விரும்பும் இரண்டு மூன்று படங்களைக் கழுவி மாட்டுங்கள், மற்றவை சட்டத்தில் ஓடட்டும். எப்போதும் பார்க்க விரும்பும் படத்துக்காக மற்ற நூற்றுத் தொண்ணூறு படங்கள் கடந்து போகும்வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

பால்மரத்து நிழல்

ஃபிரேமியோ உள்ள 10.1 அங்குலம், ஐபிஎஸ் திரை, 16 ஜிபி என்று முடிவு செய்திருக்கிறேன். தம்பி அடுத்த முறை வரும்போது சிங்கப்பூரிலேயே வாங்கி வருவதாகச் சொல்கிறார். கடைசியாக ஒரு சந்தேகம். ஷா ஆலமில் என் வீட்டு வைஃபையில் எல்லாவற்றையும் அமைத்துப் படங்களையும் ஏற்றிவிட்டுத்தான் ஊருக்குக் கொண்டுபோவேன். அங்கே அப்பாவின் ஹாட்ஸ்பாட்டில் மறுபடி பெயரும் கடவுச்சொல்லும் தட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? அவருக்கு அது கைவராது.

கோலகங்சார் அக்கா

வேண்டியதில்லை, தம்பி. அப்பாவின் ஹாட்ஸ்பாட்டுக்கு உங்கள் வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து பிசகாமல் அப்படியே வைத்துவிடுங்கள், பாதுகாப்பு வகையும் ஒன்றாகவே இருக்கட்டும். சட்டம் அதையே இதுவென்று எடுத்துக்கொண்டு தானாக இணைந்துவிடும். அப்பா செய்ய வேண்டியது ஹாட்ஸ்பாட்டைத் திறப்பது, படம் வந்ததும் மூடுவது, அவ்வளவுதான். ஊருக்குப் போகுமுன் ஷா ஆலமிலேயே உங்கள் வைஃபையை அணைத்துவிட்டு, வேறொரு தொலைபேசியில் அப்படி ஒரு ஹாட்ஸ்பாட் திறந்து சோதித்துப் பாருங்கள். சட்டத்தின் மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொள்வதையும் அங்கேயே நிறுத்திவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் அப்பாவின் தரவு ஒரே இரவில் தீர்ந்துவிடும்.